கைரோபிராக்டிக்: பெயருக்குக் காவலா, செயலுக்குக் காவலா?

வலி என்று வந்தவரின் கழுத்தை இரு கைகளாலும் பிடித்து ஒரே வெட்டில் திருப்புவதற்கு யாருக்கு உரிமை உண்டு? முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருத்தும் கைரோபிராக்டிக் தொழிலுக்குச் சட்டம் இயற்ற உட்கார்ந்த நாடுகள் எல்லாம் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. சில நாடுகள் நேராக வந்தன. பல நாடுகள் பட்டம், பதிவேடு, தொழிலின் தத்துவம் என்று நீண்ட சுற்றுவழியில் வந்தன. இந்தியாவும் சிங்கப்பூரும் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் பெருநகரங்களில் கைரோபிராக்டிக் பலகைகள் ஏறிவிட்டன. கழுத்தில் 'மடக்' என்ற ஓசை கேட்கும் காணொளிகள் கைப்பேசிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்னே போனவர்கள் தேர்ந்த வழிகளில் எது நோயாளியைக் காத்தது, எது தொழிலை மட்டும் காத்தது என்று இப்போதாவது பார்த்துவிட வேண்டும்.

முதலில், இந்தத் தொழிலை வரையறுப்பது ஏன் இவ்வளவு சிக்கலானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் நகரில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது இது. காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைச் சரிசெய்து கேட்கும் திறனை மீட்டதாக அவர் சொன்னார். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்பு இடம் பெயர்வதால் வருகின்றன என்று 1910இல் எழுதினார். உடலுக்குள் ஓர் உள்ளார்ந்த அறிவு இருக்கிறது, அது நரம்புகள் வழியாகப் பாய்கிறது, எலும்பு பிசகும்போது அந்தப் பாய்ச்சல் தடைபடுகிறது என்பது அவருடைய கோட்பாடு. அந்தப் பிசகுக்கு அவர் இட்ட பெயர் சப்லக்சேஷன். எலும்பு மருத்துவர்களும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் சொல்லும் பிசகை எக்ஸ்ரேயில் காட்ட முடியும். கைரோபிராக்டர்கள் சொல்லும் பிசகை அப்படிக் காட்ட முடிந்ததில்லை.

இந்தக் கோட்பாடு நீதிமன்றத்தில் ஒரு கேடயமாகவும் மாறியது. 1907இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரில் ஷெகதாரோ மோரிகுபோ என்ற கைரோபிராக்டர் மீது, எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் இன்னொரு சிகிச்சை முறையான ஆஸ்டியோபதியை உரிமம் இல்லாமல் செய்தார் என்று வழக்கு வந்தது. அவருடைய வழக்கறிஞர் டாம் மோரிஸ், கைரோபிராக்டிக்குக்குத் தனித் தத்துவம், தனி அறிவியல், தனிக் கலை உண்டு, இது ஆஸ்டியோபதியே அல்ல என்று வாதிட்டு விடுதலை வாங்கித் தந்தார். அன்றுமுதல் 'நாங்கள் தனி' என்பது சிறையிலிருந்து தப்புவதற்கான சட்ட வாதமாகவே நிலைபெற்றது. தத்துவத்தைக் கைவிட்டால் தொழிலே பறிபோகும் என்ற அச்சம் அங்கே விதைக்கப்பட்டது. பால்மரின் கோட்பாட்டை அப்படியே பின்பற்றுவோர் ஒருபுறம், மற்றச் சிகிச்சைகளையும் கலந்து செய்வோர் மறுபுறம் என்று தொழிலுக்குள்ளேயே இன்றுவரை தீராத பிளவு இருக்கிறது. சட்டம் எழுத வரும் அரசு இந்த இரண்டு தரப்பில் யாருடைய வரையறையை எடுத்துக்கொள்ளும்?

சான்றுகள் என்ன சொல்கின்றன என்பதையும் மறைக்காமல் வைக்க வேண்டும். கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருத்தும் சிகிச்சை ஓரளவு பலன் தருகிறது. உடற்பயிற்சி முதலிய மற்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகள் தரும் பலனுக்கு ஏறத்தாழ ஈடானது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மருந்தில்லாத தொடக்கச் சிகிச்சைகளில் ஒன்றாக இதையும் சேர்த்திருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இல் இன்னும் கறாராக, உடற்பயிற்சியோடு சேர்ந்தால் மட்டுமே என்றது. ஆஸ்துமா, காது அழற்சி, குழந்தையின் ஓயாத அழுகை ஆகியவற்றுக்கு இது பலன் தரும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. கழுத்தைத் திருப்பும்போது மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் நேர்கிறது. ஒன்டாரியோ மாகாணத் தரவுகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வு, அத்தகைய பக்கவாதம் கைரோபிராக்டரிடம் போனவர்களைப் போலவே குடும்ப மருத்துவரிடம் போனவர்களிடமும் காணப்படுகிறது என்றது. தமனி ஏற்கெனவே கிழிந்திருப்பவர்களே கழுத்துவலி என்று சிகிச்சை தேடிப் போகிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். அது சரியாக இருந்தாலும் எனக்கு ஆறுதல் இல்லை. கிழிந்த தமனியோடு வருபவரை அடையாளம் கண்டு, கழுத்தைத் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்பத் தெரிந்தவரிடம்தான் அந்தக் கழுத்து போய்ச் சேர வேண்டும் என்பதையே அது வலியுறுத்துகிறது.

முதல் வழி, எதுவும் செய்யாமல் விடுவது. சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இயன்முறை மருத்துவர்கள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தார்கள். கைரோபிராக்டர்கள் எந்தச் சட்டப் பதிவேட்டிலும் இல்லை. கைரோபிராக்டர்களின் சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம். இந்தியாவிலும் தனிச் சட்டமோ தனி மன்றமோ கிடையாது. ஏமாற்று விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டமோ மருந்தையும் தாயத்து மந்திரத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளிநாட்டில் பல ஆண்டுகள் பட்டப்படிப்பு படித்து வந்தவரும், சில வாரப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பலகையை மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் விளைவு. அங்கீகரித்தால் போலி அறிவியலுக்கு அரசு முத்திரை குத்தியதாகிவிடும் என்பது இவ்வழியை ஆதரிப்போரின் வாதம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் முத்திரை குத்தாமல் இருப்பதால் யாருடைய கழுத்தும் காப்பாற்றப்படவில்லை.

இரண்டாவது, பெயரைக் காக்கும் வழி. இதற்குப் பிரிட்டனே முழு உதாரணம், அதை விரிவாகப் பார்க்க வேண்டும். 1994இல் கைரோபிராக்டர்கள் சட்டம் நிறைவேறியது. பொது கைரோபிராக்டிக் மன்றம் அமைந்தது. 1999இல் பதிவேடு திறந்தது. 2001 முதல் பதிவு செய்யாதவர் தம்மைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்வது குற்றம். பாடத்திட்டத்துக்கு அங்கீகாரம், புகார் விசாரணை, பதிவிலிருந்து நீக்கம் என்று எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் சட்டம் காப்பது பெயரை மட்டுமே. கழுத்தைத் திருப்பும் செயலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு அதே செயலைச் செய்பவரிடம் மன்றத்தின் கை நீளாது.

பெயரைக் காத்த சட்டம், அந்தப் பெயரின் கீழ் எதைச் சொல்லலாம் என்பதையும் தெளிவாக்கவில்லை. அதன் விலை 2008இல் தெரிந்தது. அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், குழந்தைகளின் வயிற்றுவலி, ஆஸ்துமா போன்றவற்றுக்குச் சிகிச்சை தருவதாக பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் கூறுவதைக் கண்டித்து கார்டியன் நாளிதழில் எழுதினார். சங்கம் அவதூறு வழக்குப் போட்டது. 2009இல் கீழமை நீதிபதி எடுத்த நிலை சிங்குக்குப் பாதகமாக இருந்தது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியதும் சங்கம் வழக்கைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனின் அவதூறுச் சட்டம் 2013இல் திருத்தப்படுவதற்கு உந்துதல் தந்த வழக்குகளில் இதுவும் ஒன்று. நம் பேச்சுக்கு முக்கியமானது இடையில் நடந்ததுதான். கைரோபிராக்டர்களின் இணையதளங்களைப் படித்துப் பொதுமக்கள் மன்றத்துக்கு நூற்றுக்கணக்கான புகார்களை அனுப்பினார்கள். ஒரு சங்கம் தன் உறுப்பினர்களிடம் இணையதளங்களை உடனே நீக்கச் சொன்னது. பதிவேடு திறந்து பத்தாண்டு கழிந்த பிறகுதான், 2010இல், சப்லக்சேஷன் என்பது வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று மன்றம் வெளிப்படையாக அறிவித்தது. அந்த ஒரு வாக்கியம் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. அந்தப் பத்தாண்டுகளில் அரசின் பதிவு எண்ணை நம்பிக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பெற்றோர்களை நினைத்தால் கோபம் வருகிறது.

மூன்றாவது, செயலைக் காக்கும் வழி. கனடாவின் ஒன்டாரியோ 1991இல் இயற்றி 1993 இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சுகாதாரத் தொழில்கள் சட்டம் வேறு முனையிலிருந்து தொடங்கியது. யார் யார் என்று கேட்பதற்கு முன், எவையெல்லாம் ஆபத்தான செயல்கள் என்று பட்டியலிட்டது. தோலுக்குக் கீழே வெட்டுவது, ஊசி போடுவது, எலும்பு முறிவைக் கட்டுவது முதலியவற்றோடு, முதுகெலும்பு மூட்டுகளை வழக்கமான அசைவு எல்லைக்கு அப்பால், வேகமான குறுகிய உந்தலால் நகர்த்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த உந்தலைச் செய்யும் அனுமதி கைரோபிராக்டருக்கு உண்டு; மருத்துவருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் உண்டு. அனுமதி பெறாத எவரும், என்ன பெயரை மாட்டியிருந்தாலும், அதைச் செய்யக் கூடாது. இந்த வரையறையில் உள்ளார்ந்த அறிவுக்கும் இடமில்லை, சப்லக்சேஷனுக்கும் இடமில்லை. தொழிலின் இரு பிரிவினரும் எந்தத் தத்துவத்தை நம்பினாலும் சட்டம் பார்ப்பது கை செய்யும் வேலையை. நான் படித்த வரையறைகளில் இதுதான் நேர்மையானது என்று தயங்காமல் சொல்வேன்.

ஆஸ்திரேலியா இதையே குறுக்கி எடுத்துக்கொண்டது. 2010இல் வந்த தேசியச் சட்டத்தின் 123ஆம் பிரிவு கழுத்துப் பகுதிக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டை வைத்தது. மீறினால் முதலில் 30,000 டாலர் வரை அபராதம். பின்னர் தண்டனை கூடியது. கழுத்தை மட்டும் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு, அதிக ஆபத்து அங்கேதான். ஆனால் யாருடைய கழுத்து என்று சட்டம் கேட்கவில்லை. பிறந்து இரண்டு வாரமே ஆன குழந்தைக்கு மெல்பர்னில் சிகிச்சை செய்யும் காணொளி 2019இல் பரவியது. கொதித்துப்போன நாட்டுக்குப் பதில் சொல்லும் விதமாக, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்புச் சிகிச்சை கூடாது என்று கைரோபிராக்டிக் வாரியம் இடைக்காலக் கொள்கை வெளியிட்டது. விக்டோரியா மாநில அரசின் ஆய்வுக் குழுவுக்குப் பெரிய தீங்கு நேர்ந்ததற்கான சான்று மிகக் குறைவாகவே கிடைத்தது. பலன் கிடைத்ததற்கான சான்றும் அப்படியே. 2023 இறுதியில் வாரியம் தடையைத் தளர்த்தியது. 2024 ஜூனில் சுகாதார அமைச்சர்கள் அழுத்தம் கொடுத்ததும் மீண்டும் தடை விதித்தது. சட்டத்தில் இருக்க வேண்டிய ஒன்றைத் அந்தத் தொழிலைச் செய்பவர்களே நிறைந்த வாரியத்தின் கொள்கைக்கு விட்டுவிட்டால் அது காற்றடிக்கும் பக்கம் சாயும். செயலை வரையறுக்கிறவர்கள் வயதையும் சேர்த்து வரையறுக்க வேண்டும் என்பதை ஆஸ்திரேலியாவின் இந்த ஐந்து ஆண்டுகளிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்டாரியோவும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. கைரோபிராக்டர்கள் தம்மை டாக்டர் என்று அழைத்துக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. செயலுக்குக் காவல் வைத்த சட்டம் பேச்சுக்கு அதே அளவு காவல் வைக்கவில்லை. 'தடுப்பூசி வேண்டாம், முதுகெலும்பைச் சரிசெய்தால் போதும்' என்று ஒருவர் சொல்வதைத் தடுக்கும் பொறுப்பு தொழில் மன்றத்தின் ஒழுக்க விதிகளிடம்தான் இருக்கிறது.

நான்காவது வழி, தொழிலைப் பல்கலைக்கழக மருத்துவத்துக்குள் இழுத்துக்கொள்வது. சுவிட்சர்லாந்தில் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், மருந்தியல் ஆகியவற்றோடு ஐந்தாவதாகக் கைரோபிராக்டிக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் மருத்துவத் தொழிலாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. சூரிக் பல்கலைக்கழகத்தில் 2008 முதல் படிப்பு நடக்கிறது. டென்மார்க்கில் தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்தின் ஓடென்சே வளாகத்தில் 1994 முதல், தொடக்க ஆண்டுகளில் மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். உடற்கூறும் நோயியலும் மருத்துவ மாணவரோடு சேர்ந்து படித்தவர் தொண்ணூற்றைந்து சதவீதக் கோட்பாட்டை நோயாளியிடம் விற்க மாட்டார். அறிவின் தரத்தில் இதற்கு இணையான வழி இல்லை. ஆனால் செலவு பெரிது, வெளிவரும் எண்ணிக்கை சிறிது. மருத்துவர்களுக்கே பற்றாக்குறை உள்ள ஒரு நாடு, மருத்துவக் கல்லூரி இடங்களைக் கைரோபிராக்டிக்குக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வராது. அங்கே ஏற்கெனவே படித்து வெளிவரும் இயன்முறை மருத்துவர்களுக்கு இந்த நுட்பத்தில் மேற்பயிற்சி தருவதே முதல் வேலை.

மலேசியா தேர்ந்த வழி தமிழர்களுக்கு மிக அருகில் இருப்பது. 2016ஆம் ஆண்டின் மரபு மற்றும் துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் மலாய், சீன, இந்திய மரபு மருத்துவங்களோடும் ஹோமியோபதியோடும் கைரோபிராக்டிக்கும் ஆஸ்டியோபதியும் ஒரே மன்றத்தின் கீழ் வருகின்றன. சித்த மருத்துவரும் கைரோபிராக்டரும் ஒரே சட்டத்தில் இருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு இது வசதி. ஆனால் கஷாயம் கொடுப்பதும் கழுத்தைத் திருப்புவதும் வேறு வேறு ஆபத்துகள். ஒரே கூடையில் போட்டால் மன்றம் அடையாள அட்டை வழங்கும் அலுவலகமாகச் சுருங்கிவிடும் அபாயம் இருக்கிறது. கோலாலம்பூரில் பல்கலைக்கழக அளவிலான கைரோபிராக்டிக் படிப்பு இருப்பது மலேசியாவுக்குப் பெரிய துணை.

அமெரிக்காவை இந்த வரிசையில் ஒரு வழியாக நான் வைக்கவில்லை. அங்கே மாநிலத்துக்கு ஒரு சட்டம். 1913இல் கான்சாஸ் தொடங்கியது, 1974இல் லூசியானா கடைசியாக வந்தது. ஆனால் வரையறையில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று அறிய அமெரிக்காவைப் போன்ற பாடம் வேறில்லை. 1972இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு கைரோபிராக்டிக்கைச் சேர்த்துக்கொண்டபோது, எக்ஸ்ரேயில் காட்டப்பட்ட சப்லக்சேஷனைச் சரிசெய்யும் கைச்சிகிச்சைக்கு மட்டுமே பணம் என்று சட்டத்தில் எழுதினார்கள். நிறுவப்படாத ஒரு பொருளைப் படம்பிடித்துக் காட்டச் சொல்லிச் சட்டமே கட்டளையிட்டது. சிகிச்சைக்கு வந்த முதியவர்கள் காப்பீட்டுப் படிவத்துக்காகக் கதிர்வீச்சு வாங்கிக்கொண்டார்கள். அந்த நிபந்தனை 2000இல்தான் நீங்கியது. டெக்சாஸில் சட்டம் 'முதுகெலும்பும் தசை எலும்பு மண்டலமும்' என்று எல்லை வைத்தது. கைரோபிராக்டிக் வாரியம் அந்த மண்டலத்துக்குள் நரம்புகளையும் சேர்த்து விதி எழுதியது. மாநில மருத்துவச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2021 ஜனவரியில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் விதி செல்லும் என்றது. ஓர் உடல் மண்டலத்தின் எல்லையை முடிவுசெய்யப் பத்தாண்டு வழக்காட வேண்டியிருந்தது.

மருத்துவர் சங்கங்களின் கையிலும் இதை விட்டுவிட முடியாது என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் ஒரு குழு அமைத்துக் கைரோபிராக்டிக்கை ஒழிக்க முனைந்தது. கைரோபிராக்டரோடு தொழில்முறைத் தொடர்பு வைப்பது மருத்துவர்களுக்கு ஒழுக்கக்கேடாகக் கருதப்பட்டது. செஸ்டர் வில்க் உள்ளிட்டோர் 1976இல் தொடுத்த வழக்கில், 1987இல் நீதிபதி சூசன் கெட்செண்டானர், அந்தப் புறக்கணிப்பு போட்டியை நசுக்கும் சட்டமீறல் என்று தீர்ப்பளித்தார். கைரோபிராக்டிக்கின் அறிவியல் தகுதி பற்றித் தாம் எதுவும் தீர்மானிக்கவில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். தீர்ப்பின் முதல் பாதியைக் கைரோபிராக்டர்களும் இரண்டாம் பாதியை மருத்துவர்களும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். நோயாளிக்கு இரண்டு பாதியும் வேண்டும்.

இனி முடிவெடுக்கும் நாட்டுக்கு என் பரிந்துரை ஒன்டாரியோவின் வழி. இந்தியாவை வைத்துச் சொன்னால் காரணம் இன்னும் வலுக்கிறது. இங்கே கழுத்தைத் திருப்புபவர்களில் கைரோபிராக்டர் மிகச் சிறுபான்மை. சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இருபுறமும் நெட்டி முறிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியர்கள் இருக்கிறார்கள், வர்ம ஆசான்கள் இருக்கிறார்கள். பெயரைக் காக்கும் பிரிட்டிஷ் பாணிச் சட்டம் இவர்களில் ஒருவரையும் தொடாது. பணம் கட்டிப் பதிவு செய்யக்கூடிய சில நூறு பேருக்கு மட்டும் ஒரு கௌரவத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். செயலைக் காக்கும் சட்டம் சலூன் நாற்காலிவரை போகும்.

அதில் ஒரு கடினமும் உண்டு. தலைமுறைகளாக வர்மம் கற்றவரை ஒரே நாளில் குற்றவாளியாக்கக் கூடாது. அவர் தொடுவதும் தடவுவதும் அழுத்துவதும் அந்த வேகமான உந்தலுக்குள் வருவதில்லை என்பதைச் சட்டத்தின் வாசகமே தெளிவாக்க வேண்டும். கழுத்துக்கு வேக உந்தல் தருபவர் யாராக இருந்தாலும், பக்கவாதத்தின் முன்னறிகுறிகளைக் கண்டு நோயாளியைத் திருப்பி அனுப்பத் தெரியும் என்று தேர்வெழுதிக் காட்டட்டும். சித்த மருத்துவப் பட்டம் பெற்றவருக்கும் அதே தேர்வு. குழந்தைகளுக்கு இந்த உந்தல் கூடாது என்பதை வாரியத்துக்கு விடாமல் சட்டத்திலேயே வயதோடு எழுத வேண்டும். முதுகுவலி, கழுத்துவலி தவிர வேறு நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்தால் அபராதம் என்ற பிரிவு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்; பிரிட்டனில் எதைச் சொல்லக் கூடாது என்று மன்றம் சொல்லவே பத்தாண்டு ஆனது. விசாரணை வாரியத்தில் பாதிப் பேராவது அந்தத் தொழிலுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். சிகிச்சைக்கு முன், அரிதாகப் பக்கவாதம் வரலாம் என்ற எச்சரிக்கை நோயாளியின் மொழியிலேயே எழுத்தில் தரப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அது தமிழில் இருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு, கழுத்து வேண்டாம், முதுகை மட்டும் பாருங்கள் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதும் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.